ஜெர்மனி, அமெரிக்கா: ஊதியப் பணியாளரின் மொத்தப் பணிநேரத்தை நீண்டகாலத் தொடராக ஒப்பிடுவது எப்படி?

இளம்பரிதி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். முதுகலைப் பொருளியல் ஆய்வேட்டுக்காக, ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் 1970 முதல் அண்மைக்காலம் வரை ஊதியப் பணியாளர்கள் உழைத்த மொத்த நேரம் எவ்வாறு மாறி வந்திருக்கிறது என்பதை ஒப்பிட முயன்று வருகிறேன். பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பு (ஓஇசிடி) வெளியிடும் அட்டவணையிலிருந்து தொடங்கினேன். அதன்படி 2023இல் பணியில் இருக்கும் ஒருவரின் சராசரி ஆண்டுப் பணிநேரம் ஜெர்மனியில் ஏறத்தாழ 1,340 மணி, அமெரிக்காவில் ஏறத்தாழ 1,800 மணி. இடைவெளி 460 மணி. வாரத்துக்கு 40 மணி என்று வைத்துக்கொண்டால் பதினொன்றரை வாரம்.

என் குழப்பம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஜெர்மனியின் சராசரிக் கோடு பல பத்தாண்டுகளாக இறங்கிக்கொண்டே வருகிறது. ஆனால் 2023இல் அந்நாட்டின் ஊதியப் பணியாளர்கள் உழைத்த மொத்த நேரம், 1990இல் இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு அதுவரை வேறெந்த ஆண்டிலும் இல்லாத உச்சத்தைத் தொட்டது என்றும் படிக்கிறேன். இவ்விரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியுமா? மேலும், இரு நாடுகளையும் ஒரே வரைபடத்தில் வைக்கும்போது செங்குத்து அச்சில் எதை அளப்பது முறையானது: மொத்த மணியா, ஒருவருக்கான சராசரியா, வேறு ஏதேனுமா? என் வழிகாட்டி மொத்தத்தையே கேட்கிறார். அப்படியே வரைந்தால் அமெரிக்கா எங்கோ உயரத்திலும் ஜெர்மனி தரையோடு தரையாகவும் நிற்கின்றன. அந்தப் படத்திலிருந்து நான் எதையும் கற்றுக்கொள்ளவில்லை.

கயல் (மறுமொழி):

இரண்டும் ஒருசேர உண்மைதான். சராசரி இறங்கும்போது மொத்தம் ஏறுவதில் முரண் ஏதும் இல்லை. மொத்தப் பணிநேரம் என்பது பணியாளர் எண்ணிக்கையையும் ஒருவருக்கான சராசரி நேரத்தையும் பெருக்கினால் கிடைப்பது. ஜெர்மனியில் முதலாவது வளர்ந்த வேகம் இரண்டாவது தேய்ந்த வேகத்தைவிட அதிகம். அவ்வளவே.

எண்களை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். 1991இல் ஜெர்மனியின் ஊதியப் பணியாளர்கள் சுமார் 3.5 கோடிப் பேர், அவர்கள் உழைத்தது ஏறத்தாழ 5,200 கோடி மணி. 2023இல் சுமார் 4.2 கோடிப் பேர், ஏறத்தாழ 5,500 கோடி மணி. வகுத்துப் பாருங்கள்: ஒருவருக்கு 1,480 மணிக்கு அருகில் இருந்தது 1,300க்குச் சற்று மேலாக இறங்கியிருக்கிறது. தலைகள் 20 விழுக்காடு கூடின, சராசரி 12 விழுக்காடு குறைந்தது, மொத்தம் 6 விழுக்காடு அளவுக்கு உயர்ந்தது. (20இலிருந்து 12ஐக் கழித்தால் 8 வருகிறதே என்று தேர்வாளர் கேட்கக்கூடும். இவை பெருக்கலில் உள்ள காரணிகள் என்பதால் விழுக்காடுகளை நேரடியாகக் கூட்டிக் கழிக்க முடியாது. மடக்கை எடுத்துப் பிரித்தால் கூட்டல் சரியாக அமையும். ஆய்வேட்டில் அதையே செய்யுங்கள்.)

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். நீங்கள் தந்த 1,340க்கும் நான் சொல்லும் 1,300க்கும் இடையே வேறுபாடு இருக்கிறது. ஓஇசிடியின் தலைப்பு அட்டவணை சுயதொழில் செய்வோரையும் சேர்த்த சராசரி. சுயதொழில் செய்வோர் பொதுவாக நீண்ட நேரம் உழைப்பதால் அது சற்று உயர்ந்தே இருக்கும். உங்கள் தலைப்பு ஊதியப் பணியாளர் என்று வரையறுக்கிறது. ஆகவே முதல் வேலையாக இரு நாடுகளுக்கும் ஒரே மக்கள் திரளை எடுத்திருக்கிறீர்களா என்று சரிபாருங்கள். ஒரு நாட்டுக்கு எல்லா உழைப்பாளரையும் மறு நாட்டுக்கு ஊதியப் பணியாளரை மட்டும் எடுத்துக்கொண்டு வரையப்பட்ட ஒப்பீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அச்சு பற்றி. மொத்த மணியை அப்படியே வரைந்தால் படம் காட்டுவது பெரும்பாலும் மக்கள்தொகையைத்தான். அமெரிக்காவில் பணியில் இருந்தோர் 1991இல் ஏறத்தாழ 11.8 கோடி, 2023இல் ஏறத்தாழ 16.1 கோடி. இது 37 விழுக்காடு உயர்வு. ஒருவருக்கான சராசரி நேரம் அங்கே சற்றே குறைந்திருப்பதால் மொத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. 6 விழுக்காட்டுக்கு எதிரே 34 விழுக்காடு என்று வைத்தால் ஏதோ பெரிய செய்தி போலத் தோன்றும். ஆனால் அதே காலத்தில் அமெரிக்க மக்கள்தொகை 25.3 கோடியிலிருந்து 33.5 கோடியாக உயர்ந்தது. ஜெர்மனியின் மக்கள்தொகையோ 8 கோடியிலிருந்து 8.3 கோடியை ஒட்டிய அளவுக்கே வந்தது. மொத்த நேரத்தை மக்கள்தொகையால் வகுத்துவிட்டால், இரு நாடுகளிலும் ஒரு தலைக்கு வரும் பணிநேரம் இந்த முப்பத்திரண்டு ஆண்டுகளில் கிட்டத்தட்ட நகரவே இல்லை என்பது தெரியவரும். (இங்கே அமெரிக்க எண்ணில் சுயதொழில் செய்வோரும் இருக்கிறார்கள், ஆகவே இதைத் தோராயமாக மட்டுமே கொள்ளுங்கள். ஜெர்மனிக்கும் அவர்களைச் சேர்த்துக் கணக்கிட்டால் சிறிய இறக்கம் வரும், போக்கு மாறாது.)

என்னைப் பொறுத்தவரை உங்கள் ஆய்வேட்டின் கரு இங்கேதான் இருக்கிறது. இரு சமூகங்களும் தலைக்கு ஏறத்தாழ அதே அளவு உழைப்பைத் தொடர்ந்து தந்து வந்திருக்கின்றன. ஆனால் ஜெர்மனியில் அந்த உழைப்பு முன்பைவிட மிகுதியான கைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அங்கே 2023இல் பணியில் இருந்த பெண்களில் பாதிப் பேர் பகுதிநேரமாக உழைத்தார்கள். ஆண்களில் அது 13 விழுக்காடு. வீட்டில் இருந்த ஒருவர் வாரத்துக்கு 20 மணி வேலைக்குப் போகத் தொடங்கினால் மொத்தம் ஏறும், சராசரி இறங்கும். அந்த வீட்டிலிருந்து உழைப்புச் சந்தைக்குச் செல்லும் நேரம் கூடியிருக்க, ஜெர்மானியர் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று சராசரிக் கோட்டைக் காட்டி எழுதுவது எவ்வளவு பெரிய பிழை என்பதை எண்ணிப் பாருங்கள்.

பேரளவை (மறுமொழி):

கயல் சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் வகுப்பதற்கு முன் தொகுதியில், அதாவது வகுபடும் இடத்தில், இருக்கும் எண் எங்கிருந்து வந்தது என்பதைக் கேட்காமல் மேலே போகக் கூடாது. நான் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் ஊதியப் பிரிவில் சில ஆண்டுகள் பணியாற்றினேன். தொழிலாளர் புள்ளியியல் பணியகத்தின் மாதாந்திர நிறுவனக் கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்பியனுப்பும் வேலை என்னிடம் இருந்தது. அந்தப் படிவம் கேட்பது, மாதத்தின் 12ஆம் நாள் அடங்கிய ஊதியக் காலத்தில் எத்தனை மணிக்கு ஊதியம் வழங்கப்பட்டது என்பதை. உழைத்த மணியை அது கேட்பதில்லை. இரு வாரத்துக்கு ஒருமுறை ஊதியம் பெறும் ஊழியர் ஒருவர் அந்த இரு வாரத்தில் இரண்டு நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பு எடுத்திருந்தாலும் நான் எழுதியது 80 மணி. அவருக்கு அடுத்த மேசையில் மாதச் சம்பளத்தில் இருந்த மேலாளர் நாள்தோறும் இரவு எட்டு மணிவரை அமர்ந்திருந்தார். அவருக்கும் நான் எழுதியது 80 மணிதான். இரண்டு எண்களும் படிவத்தின் விதிப்படி சரியானவை, இரண்டும் உழைத்த நேரம் அல்ல. பணியகம் இதை அறிந்தே இருக்கிறது. உற்பத்தித்திறன் கணக்கிடும்போது, ஊதியம் பெற்ற மணியை உழைத்த மணியாக மாற்றுவதற்குத் தனியே ஒரு விகிதத்தைப் பயன்படுத்துகிறது. எந்தத் தொடரை இறக்கிக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அந்தத் திருத்தம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

இன்னொரு வாயில் குடும்பக் கணக்கெடுப்பு. அங்கே வீட்டில் இருப்பவரிடம் கடந்த வாரம் எத்தனை மணி உழைத்தீர்கள் என்று கேட்கிறார்கள். அமெரிக்காவில் அந்தக் கடந்த வாரம் பொதுவாக 12ஆம் நாள் அடங்கிய வாரம். புத்தாண்டு, விடுதலை நாளான ஜூலை 4, செப்டம்பர் முதல் திங்களில் வரும் தொழிலாளர் நாள், நவம்பர் இறுதியின் நன்றி நவிலல் நாள், கிறிஸ்துமஸ் என எந்தப் பெரிய விடுமுறையும் பொதுவாக 12ஆம் நாள் அடங்கிய வாரத்தில் வருவதில்லை (தொழிலாளர் நாள் மட்டும் 7ஆம் நாள் வரும் ஆண்டுகளில் அதில் விழும்). ஆண்டின் பன்னிரண்டு வாரங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் பெரும்பாலும் மக்கள் முழுமையாக உழைக்கும் வாரங்களே விழும்படி அமைந்த ஒரு மாதிரியை 52ஆல் பெருக்கினால் ஆண்டு மொத்தம் மிகைப்படும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஜெர்மனியிலும் நுண்கணக்கெடுப்பு (மைக்ரோசென்சஸ் எனப்படும் குடும்பக் கணக்கெடுப்பு) 2004 வரை இளவேனில் காலத்தில் ஒரே ஒரு வாரத்தைப் பற்றித்தான் கேட்டது. 2005 முதல்தான் ஆண்டு முழுவதும் பரவலாகக் கேட்கத் தொடங்கினார்கள். அந்த ஒரே வாரத்தை ஆண்டு முழுமைக்கும் விரிப்பதே பழைய எண்களைப் புரட்டிப்போடப் போதுமானது.

ஜெர்மனியின் தேசியக் கணக்குகளில் வரும் பணிநேரம் இவ்விரண்டு வழியிலும் நேரடியாக வருவதில்லை. நூரெம்பெர்க்கில் உள்ள வேலைவாய்ப்பு ஆய்வு நிறுவனம் அதைக் கூறு கூறாகக் கட்டுகிறது. ஒப்பந்தப்படியான வார நேரத்தில் தொடங்கி, விடுமுறை, ஆண்டு விடுப்பு, நோய் விடுப்பு, குறுநேரப் பணி (நெருக்கடியில் ஊழியரை நீக்காமல் நேரத்தைக் குறைக்கும் ஏற்பாடு) ஆகியவற்றைக் கழித்து, மிகைநேரத்தையும் இரண்டாம் வேலையையும் கூட்டி, ஆண்டு எண்ணுக்கு வருகிறார்கள். ஒரு நாடு விடுப்பைக் கவனமாகக் கழித்தும் மறு நாடு வேறு வழியில் அளந்தும் தரும் எண்களை அருகருகே வைத்தால், இடைவெளியின் ஒரு பகுதி அளவுகோலின் இடைவெளியாகவே இருக்கும். ஓஇசிடியே தன் அட்டவணை காலப்போக்கை ஒப்பிடுவதற்கானது, ஒரே ஆண்டில் நாடுகளின் அளவை ஒப்பிடுவதற்குப் பொருத்தமற்றது என்று குறிப்பிடுகிறது. இளம்பரிதி தொடக்கத்தில் கணக்கிட்ட பதினொன்றரை வாரத்தை ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

இளம்பரிதி:

இருவருக்கும் மிக்க நன்றி. பேரளவை ஐயா, படிவம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு நான் சேகரித்த தொடர்களின் விளக்கக் குறிப்புகளை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். அமெரிக்காவுக்கு நான் வைத்திருந்தது ஊதியம் பெற்ற மணித் தொடர்தான். அதை மாற்றிவிடுகிறேன்.

இன்னும் ஓர் ஐயம் இருக்கிறது. 2009, 2020 ஆகிய நெருக்கடி ஆண்டுகளில் இரு கோடுகளும் விழுகின்றன. ஆனால் விழும் விதம் வேறாக இருப்பதுபோல் தோன்றுகிறது. இந்த ஆண்டுகளைத் தனியே ஆராய வேண்டுமா, அல்லது நீண்டகாலப் போக்கிலிருந்து விலக்கிவிடலாமா?

கயல்:

எக்காரணம் கொண்டும் விலக்காதீர்கள். கூறுகளாகப் பிரித்துப் பார்ப்பதன் பயன் முழுமையாக விளங்குவது அந்த ஆண்டுகளில்தான்.

2009இல் ஜெர்மனியின் உற்பத்தி 5 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது. அமெரிக்காவின் சரிவு அதில் பாதி அளவுதான். ஆனால் வேலையின்மை 10 விழுக்காட்டைத் தொட்டது அமெரிக்காவில். ஜெர்மனியில் வேலையில் இருந்தோர் எண்ணிக்கை கிட்டத்தட்ட அப்படியே நின்றது. குறைந்தது ஒருவருக்கான நேரம். குர்ட்ஸ்ஆர்பைட் எனப்படும் குறுநேரப் பணி ஏற்பாட்டில் நிறுவனம் ஊழியரை நீக்காமல் அவருடைய நேரத்தைக் குறைக்கிறது, இழந்த ஊதியத்தின் ஒரு பகுதியை வேலையின்மைக் காப்பீட்டிலிருந்து அரசு ஈடுசெய்கிறது. அத்துடன் முந்தைய நல்ல ஆண்டுகளில் சேர்ந்திருந்த மிகைநேரத்தை, அதைச் சேமித்து வைக்கும் நேரக் கணக்கிலிருந்து எடுத்து, ஓய்வாகத் தீர்க்கவும் செய்தார்கள். 2020 ஏப்ரலில் குறுநேரப் பணியில் இருந்தோர் ஏறத்தாழ 60 இலட்சம் பேர். அதே மாதம் அமெரிக்காவில் வேலையின்மை 14 விழுக்காட்டைத் தாண்டியது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்த ஏப்ரலில் அமெரிக்காவின் சராசரி வாரப் பணிநேரம் குறையவில்லை, சற்று உயர்ந்தது. வேலையை முதலில் இழந்தவர்கள் உணவகங்களிலும் கடைகளிலும் குறைந்த மணிநேரம் உழைத்தவர்கள். அவர்கள் கணக்கிலிருந்து வெளியேறியதும் எஞ்சியோரின் சராசரி தானாக ஏறிவிட்டது. சராசரியை மட்டும் வைத்து எழுதியிருந்தால், வரலாறு காணாத வேலையிழப்பு நடந்த மாதத்தில் அமெரிக்கர் கூடுதலாக உழைத்தார்கள் என்று எழுத நேர்ந்திருக்கும். மொத்தத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று உங்கள் வழிகாட்டி வற்புறுத்துவதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. அவர் கேட்பது சரியே. மொத்தத்தை வையுங்கள், மக்கள்தொகையால் வகுத்து வையுங்கள், அடியில் அதன் இரு காரணிகளையும் தனித்தனியே காட்டுங்கள்.

செங்கதிர் (மறுமொழி):

தாமதமாக வந்து சேர்ந்துகொள்கிறேன். ஒரு மறுப்பும் ஒரு சேர்க்கையும்.

மறுப்பு கயலுக்கு. தலைக்கு வரும் பணிநேரம் 1991க்குப் பிறகு நகரவில்லை என்பது சரி. ஆனால் இளம்பரிதியின் தொடர் 1970இல் தொடங்குகிறது. பெரிய மாற்றம் அந்த முதல் இருபது ஆண்டுகளில் நிகழ்ந்துவிட்டது. 2004இல் பொருளியலாளர் எட்வர்ட் பிரெஸ்காட் காட்டிய கணக்கில், 15 முதல் 64 வயது வரையுள்ள ஒருவருக்கு வாரத்துக்கு வரும் சந்தை உழைப்பு 1970களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் 24.6 மணி, அமெரிக்காவில் 23.5 மணி. ஆம், அப்போது ஜெர்மானியர்தான் கூடுதலாக உழைத்தார்கள். 1990களின் நடுப்பகுதியில் அது முறையே 19.3, 25.9 என்று தலைகீழாகிவிட்டது. 1991ஐ அடிப்படை ஆண்டாக, அதாவது நூறாக, வைத்துக் குறியீட்டெண் வரைந்தால், இந்தப் பிரிவு முழுவதும் நூறு என்ற ஒற்றைப் புள்ளிக்குள் மறைந்துவிடும். இரு கோடுகளும் அங்கே ஒன்றாகத் தொடங்குவதுபோல் தோன்றுவது நாம் தேர்ந்தெடுத்த ஆண்டினால் விளைந்த தோற்றம்.

இந்தப் பிரிவு ஏன் நிகழ்ந்தது என்பதில்தான் பொருளியலாளர்கள் மோதிக்கொண்டார்கள். உயர்ந்த வரிவிகிதமே காரணம் என்பது பிரெஸ்காட்டின் வாதம். அலெசினா, கிளேசர், சாசர்டோட் மூவரும் 2005இல் தொழிற்சங்கங்களையும் சட்டங்களையும் முன்னிறுத்தினார்கள். ஐரோப்பியர் தம் வளர்ச்சியின் ஒரு பகுதியை ஓய்வாக எடுத்துக்கொள்ள விரும்பினார்கள் என்பது பிளான்ஷாரின் பார்வை. ஜெர்மன் வரலாற்றை ஓரளவு படித்தவன் என்ற முறையில் நான் தொழிற்சங்கங்களின் பக்கம் சாய்கிறேன். 1984இல் உலோகத் தொழிலாளர் சங்கமான ஐஜி மெட்டால் வாரத்துக்கு 35 மணி என்ற கோரிக்கையோடு வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் நடத்தியது. அப்போது கிடைத்தது 38.5 மணி. 35ஐ மேற்கு ஜெர்மனியின் உலோகத் தொழில் அடைந்தது 1995இல். பதினோராண்டுகள் ஒரு கோரிக்கையை விடாமல் பிடித்துக்கொண்டு மணிமணியாகக் குறைத்த அந்தப் போராட்டத்தை வரிவிகிதத்தின் விளைவு என்று மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. விடுப்பிலும் இதே கதைதான். ஆறு நாள் வாரத்துக்கு 24 நாள் விடுப்பு என்று இன்றைய சட்டம் சொல்வதையும் தாண்டி, கூட்டுப் பேர ஒப்பந்தங்கள் ஐந்து நாள் வாரத்துக்கு 30 நாள் வரை பெற்றுத் தந்திருக்கின்றன. அமெரிக்காவில் தனியார் நிறுவன ஊழியருக்கு ஊதியத்துடன் கூடிய ஆண்டு விடுப்பைக் கூட்டாட்சிச் சட்டம் எதுவும் உறுதி செய்யவில்லை.

ஆயினும் பகுதிநேரப் பெருக்கத்துக்கு வரிக்கும் பங்கு உண்டு என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். 1958 முதல் நடைமுறையில் உள்ள கணவன் மனைவி கூட்டு வரிமுறையில், குறைவாக ஈட்டுபவரின் முதல் யூரோவே மற்றவரின் உயர்ந்த விகிதத்தை ஒட்டி வரிக்குள்ளாகிறது. ஒரு வயது நிறைந்த குழந்தைக்குக் காப்பக இடம் சட்ட உரிமையானது 2013இல்தான். இவை இரண்டும் சேர்ந்து, வேலைக்கு வந்த பெண்களைப் பாதி நாளில் நிறுத்தி வைத்தன.

என் சேர்க்கை இதையொட்டியது. வீட்டுச் சமையல், குழந்தை வளர்ப்பு, முதியோர் பராமரிப்பு எதுவும் நாம் பேசும் எந்தத் தொடரிலும் இல்லை. ஒரு தாய் தன் குழந்தையைத் தானே பார்த்துக்கொண்டால் பணிநேரம் பூச்சியம். அதே குழந்தையைக் காப்பகத்தில் விட்டு அவர் வேலைக்குப் போனால், அவருடைய நேரம், காப்பகப் பணியாளரின் நேரம் இரண்டும் மொத்தத்தில் ஏறும். உங்கள் தலைப்பில் பணிநேரம் என்ற சொல்லுக்கு முன் ஊதியத்துக்கான என்ற அடைமொழியை மறவாமல் சேருங்கள்.

பேரளவை:

செங்கதிரின் மறுப்பு நியாயமானது. ஆனால் 1970இலிருந்து தொடங்குவதென்றால் 1991இல் உள்ள தையலைக் கவனித்தாக வேண்டும். அதற்கு முந்தைய எண்கள் மேற்கு ஜெர்மனிக்கு மட்டுமானவை, பிந்தையவை ஒன்றிணைந்த நாட்டுக்கானவை. மொத்த மணியில் அந்த ஆண்டு தெரியும் தாவல் யாரும் கூடுதலாக உழைத்ததால் வந்ததல்ல, கிழக்கு மாநிலங்கள் கணக்கில் சேர்ந்ததால் வந்தது.

இரண்டு துண்டுகளையும் ஒரே கோடாக ஒட்ட வேண்டாம் என்று நான் பரிந்துரைப்பேன். 1970 முதல் 1991 வரை ஒரு கோடு, 1991இலிருந்து இன்னொரு கோடு, இடையில் வெளிப்படையான ஒரு வெட்டு. ஒட்டியே தீர வேண்டுமென்றால், இரு வரையறைகளிலும் எண் கிடைக்கும் 1991ஐப் பொது ஆண்டாக வைத்து, பழைய தொடரின் வளர்ச்சி விகிதங்களை மட்டும் பின்னோக்கிப் பொருத்துங்கள். அளவுகளை அப்படியே பொருத்தாதீர்கள். தொகுதியான மணியை மாற்றும் அதே இடத்தில், அதை வகுக்கும் எண்ணான மக்கள்தொகையையும் மாற்ற வேண்டும். மேற்கின் மணியை முழு நாட்டின் மக்களால் வகுத்த ஒரு வரைபடத்தை ஒருமுறை மதிப்பீட்டுக்காகப் பெற்றேன். அதில் 1990 வரை ஜெர்மனி முழுவதும் பாதி உறங்கிக்கொண்டிருந்ததுபோல் இருந்தது.

இளம்பரிதி:

வெட்டுடன் இரண்டு கோடுகளாகவே வரைகிறேன். சுயதொழில் செய்வோரை இரு நாடுகளிலும் நீக்கிவிட்டு, 15 முதல் 64 வயதினர் எண்ணிக்கையால் வகுத்து, கீழே பணியாளர் விகிதத்தையும் ஒருவருக்கான நேரத்தையும் தனித்தனிச் சிறு படங்களாக வைக்கப் போகிறேன். 1991, 2009, 2020 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கும் படத்தின் அடியிலேயே குறிப்பு எழுதுகிறேன். முதல் வரைவு முடிந்ததும் இந்த இழையிலேயே இணைக்கிறேன். அமெரிக்காவின் பழைய ஆண்டுகளுக்கு ஊதியப் பணியாளரை மட்டும் தனியே பிரித்துத் தரும் உழைத்த மணித் தொடரை யாரேனும் கையாண்டிருந்தால், அதன் வரையறைக் குறிப்பை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லி உதவுங்கள்.